விதைக்கு விட்ட கூனைப்பூ

முள்ளைத் தின்பதற்காகக் கடல் தாண்டி விதை வரவழைத்த ஒரு துரையிடம் அம்மணி தோட்ட வேலைக்குப் போனாள். துரைக்குக் கொழுப்பு என்று ஊர் சொன்னது. ஏரி நிறைய இறாலும் நண்டும் கிடக்க, ஒரு மனிதன் முள்ளுச்செடியின் மொட்டை வேகவைத்து, இதழிதழாகப் பிய்த்து, அடியில் ஒட்டியிருக்கும் துளிச் சதையைப் பல்லால் சுரண்டித் தின்ன ஆசைப்பட்டால் வேறென்ன சொல்வது? இன்றைக்குப் புத்தகங்களில் அதைக் கூனைப்பூ என்று எழுதுகிறார்கள். ஆர்டிசோக் என்றால் இன்னும் சிலருக்குப் புரியும். அன்றைய பழவேற்காட்டில் அதற்குப் பெயரே கிடையாது.

உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், அங்கே கோட்டை கட்டி ஐம்பது வருஷம் ஆகியிருந்தது. கோட்டைக்குத் தெற்கே, ஏரி ஓரமாக இருந்த குடிசைகளில் ஒன்று அம்மணியுடையது. பிறந்த ஊர் ஆரம்பாக்கம் பக்கம். பதினான்கு வயதில் சடையனுக்கு வாழ்க்கைப்பட்டு ஏரியின் இந்தக் கரைக்கு வந்தாள். வலை, படகு என்று எதுவும் இல்லாத குடும்பம். கைதான் வலை.

கையால் இறால் பிடிப்பதைப் பார்க்காதவர்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. தண்ணீரில் குந்தி, தலை மட்டும் வெளியே தெரிய, அடிச்சேற்றில் இரண்டு கைகளையும் விரித்துத் துழாவிக்கொண்டே நகர வேண்டும். இறால் விரலில் வந்து இடிக்கும். இடித்த கணத்தில் அமுக்க வேண்டும், ஒரு கணம் தாமதித்தாலும் போய்விடும். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியின் கயிறு பல்லுக்கிடையில் இருப்பதால் வாயைத் திறந்து திட்டக்கூட முடியாது. அம்மணியின் கை அந்தக் கரையில் பேர் வாங்கிய கை. அவள் துழாவிவிட்டுப் போன இடத்தில் அடுத்தவர்கள் இறங்க மாட்டார்கள், அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அப்புறம் மழை பொய்த்தது. ஒரு வருஷம் என்றால் தாங்கியிருப்பார்கள், இரண்டு வருஷம் பொய்த்தது. ஏரி சுருங்கி உப்பாய்ப் பூத்தது. பொன்னேரியிலிருந்து வந்துகொண்டிருந்த நெல் வண்டிகள் நின்றுபோயின. ஊரில் நாய்கள் காணாமல் போயின, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் தரகர்கள் வந்தார்கள். தூர தேசத்தில் வேலை இருக்கிறது, மூன்று வேளையும் சோறு உண்டு என்றார்கள். பெரியவர்களை விடச் சிறுசுகளைத்தான் அவர்கள் உற்றுப் பார்த்தார்கள். ஆள் கொடுத்த வீட்டுக்கு அரிசி கொடுத்தார்கள்.

அம்மணிக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். தலைச்சன் பெண், பெயர் அங்காளி, ஏழு வயது. அடுத்தது மடியில் ஒரு ஆண் குழந்தை. ஒரு நாள் காலையில் அங்காளி குடிசையில் இல்லை, அடுப்பில் சோறு கொதித்தது. ஊரில் சோறு கொதிக்கும் வாசனையை மறைக்க முடியாத காலம் அது. நாலு பேர் வந்து வாசலில் நின்று கேட்டார்கள். காய்ச்சலில் சுருண்டு கிடந்த சடையன் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்து, "நான்தான் அனுப்பிச்சேன்" என்றான். 

அந்த அரிசி தீர்வதற்குள் கைக்குழந்தை செத்தது. சடையன் இன்னும் ஒரு வருஷம் இருந்தான். மகளை விற்றவன் என்று ஊர் அவனோடு பேச்சை நிறுத்தியது. அவன் இறங்கிய துறையில் யாரும் இறங்கவில்லை. அடுத்த ஆடியில் மறுபடி காய்ச்சல் வந்து அவன் போனபோது, பாவம் சும்மா விடுமா என்று பெண்கள் அம்மணியின் காது படவே பேசினார்கள். அம்மணி கேட்டுக்கொண்டிருந்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மழை திரும்பி வந்தது. ஏரி நிரம்பி, இறாலும் வந்தது. அம்மணி பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு இறங்கினாள். கையை விரித்துத் துழாவினாள். ஒன்றும் தெரியவில்லை. இறால் இல்லாமல் இல்லை, பக்கத்தில் இருந்தவள் படபடவென்று பறியை நிரப்பிக்கொண்டிருந்தாள். அம்மணியின் விரலிலும் அது இடித்துத்தான் இருக்கும், அந்த இடி அவளுக்குப் போய்ச் சேரவில்லை. கை மட்டும் என்றில்லை. கூழில் உப்புப் போட்டோமா இல்லையா என்று குடித்த பிறகும் தெரியாது. சாவு வீட்டுக்குப் போனால் எல்லோரும் எழுந்த பிறகு எழுந்து வருவாள். பைத்தியம் என்றும் சொல்ல முடியாது, வேலை ஏவினால் ஒழுங்காகச் செய்வாள். ஆள் மரத்துப்போயிருந்தாள், அவ்வளவுதான்.

இறால் வாங்க வரும் ஜெசிந்தாதான் அவளை ஏரியிலிருந்து கரையேற்றியது. ஜெசிந்தா பறங்கிக் குடும்பத்துப் பெண், புருஷனை இழந்தவள், கோட்டையில் எழுத்து வேலை பார்த்த யாக்கோபு துரை வீட்டில் சமையல் செய்தாள். துரையோடு, அந்நாளில் கோட்டைக்காரர்களுக்குப் பொதுவாக இருந்த போர்த்துகீசு பேசுவாள், மீன்காரிகளோடு ஏரிக்கரைத் தமிழ் பேசுவாள், இரண்டிலும் வாய் நீளம். நாலு நாள் தொடர்ந்து அம்மணியின் பறி காலியாக இருப்பதைப் பார்த்தாள்.

"இன்னாம்மே, தண்ணில குந்திகினு ஜபம் பண்றியா? வா என்னோட. எங்க ஊட்ல செடிக்குத் தண்ணி ஊத்த ஆளு வோணுமாம். அந்த மனுசன் புல்லுக்குக்கூடக் குடை புடிக்கிற ஆளு, ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அம்மணி பின்னாலேயே போனாள். வா என்றால் வருவாள், போ என்றால் போவாள். அவளை வேலைக்கு வைத்துக்கொள்வதில் இருந்த வசதியும் அதுதான்.

யாக்கோபு துரைக்கு ஐம்பது வயது இருக்கும். மனைவியைப் பழவேற்காட்டு மண்ணிலேயே புதைத்தவர், பிள்ளையில்லை. சுற்றுச்சுவருக்குள் அவருக்கு ஒரு தோட்டம். ஊரில் விளைகிற எல்லாம் அதில் நன்றாகவே விளைந்தன, அவர் அவற்றை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். சொந்த ஊரில் அவருடைய தாய் வளர்த்த கூனைப்பூவின் நினைப்பாகவே இருந்தார். இரண்டு முறை விதை வரவழைத்திருந்தார். முதல் தடவை வழியிலேயே பூஞ்சணம் பிடித்துவிட்டது. இரண்டாம் தடவை முளைத்தது, தழைத்தது, இலையாகவே இருந்து வெயிலில் கருகிப்போனது. மூன்றாவதாக ஒரு சின்னக் குப்பியில், வாயை மெழுகால் அடைத்து வந்த விதையை அவர் அம்மணியின் உள்ளங்கையில் கொட்டினார். பூசணி விதையை விடச் சிறியவை, சாம்பல் நிறத்தில் புள்ளி போட்டவை, மொத்தம் ஒரு கைப்பிடிகூட இல்லை.

பேரம் பேசியது ஜெசிந்தா. அம்மணிக்கு அந்த யோசனையே இல்லை. துரைக்குப் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், ஒரு சிநேகிதர் இருந்தார், ஒரே ஊர்க்காரர். பஞ்ச காலத்தில் பழவேற்காட்டிலிருந்து ஆட்களை ஏற்றிய கப்பல்கள் பத்தாவியாவுக்குத்தான் போயின என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியும். துரை ஒரு கடிதம் எழுதினால் அந்தச் சிநேகிதர் அங்காளி எந்த வீட்டில் இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாளா என்று விசாரித்துச் சொல்லலாம். கல்லும் கரைகிற மாதிரி ஜெசிந்தா கேட்டாள். துரை மோவாயைச் சொறிந்துகொண்டார். அடிமை வேலைக்குப் போனவர்களைப் பற்றிக் கேள்வி கேட்பதை மேலே இருப்பவர்கள் விரும்ப மாட்டார்கள் என்றார். கடைசியில், இந்த விதையிலிருந்து ஒரே ஒரு மொட்டு என் மேஜைக்கு வரட்டும், எழுதுகிறேன் என்றார். சித்திரையில் கப்பல் புறப்படுகிறது, அதற்குள் வந்தால் கடிதம் போகும்.

ஜெசிந்தா இதைச் சொன்னபோது அம்மணி தலையாட்டினாள். ஆசைப்பட்டாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மகள் பெயரை வேறொருவர் வாயிலிருந்து கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது, அதைக் கேட்கும்போது காதில் அடைப்பு மாதிரி ஒன்று வந்தது, அது மட்டும்தான். ஆனால் அன்றிலிருந்து ஒரு நாளும் தோட்டத்துக்குத் தாமதமாக வரவில்லை.

புரட்டாசிக் கடைசியில் விதையை ஒரு பகல் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தாள். சலித்த மணலும் மக்கிய சாணமும் கலந்து சின்னச் சட்டிகளில் நிரப்பி, விரல் கணு ஆழத்தில் ஒவ்வொன்றாகப் போட்டாள். ஒன்பதாம் நாள் முளை தள்ளியது. முதலில் தடித்த இரண்டு இலை, அப்புறம் ஓரம் வெட்டுவெட்டாக, சாம்பல் பூசின மாதிரி வெளுத்த இலைகள். ஒரே குப்பியில் வந்த விதைதான், ஆனால் ஒரு நாற்று மாதிரி இன்னொன்று இல்லை. சிலவற்றில் இலை முழுக்க முள். அதையெல்லாம் பிடுங்கி எறியச் சொன்னார் துரை, முள் குறைந்ததுதான் சாப்பாட்டுக்கு ஆகுமாம். அம்மணி பிடுங்கினாள். முள் குத்தியிருந்ததை ஜெசிந்தாதான் பார்த்துச் சொன்னாள், விரல் நுனியெல்லாம் ரத்தம்.

இளம் பருவத்தில் நல்ல குளிர் படாவிட்டால் இந்தச் செடி எத்தனை வருஷமானாலும் மொட்டு விடாது. போன தடவை இலையாகவே நின்றதற்கு அதுதான் காரணம் என்று துரை யோசித்துக் கண்டுபிடித்திருந்தார். பழவேற்காட்டில் குளிருக்கு எங்கே போவது? கோட்டையில் வெடிமருந்து செய்ய வெடியுப்பு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதைத் தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் சில்லிட்டுப் போகும், பெரிய துரைமார் குடிக்கிற பானத்தை அப்படித்தான் குளிரவைப்பார்கள். யாக்கோபு துரை ஒரு மூட்டையைக் கேட்டு வாங்கி வந்தார். அகலமான தொட்டியில் உப்புத் தண்ணீர், அதற்குள் நாற்றுச் சட்டிகள், சட்டி வாய்க்கு மேலே தண்ணீர் ஏறாமல் அடியில் செங்கல். தண்ணீர் குளிர்ச்சி விட்டதும் மொண்டு வெளியே ஊற்றி, புதிதாகக் கரைக்க வேண்டும். ஊற்றின தண்ணீரை அகலத் தட்டுகளில் வெயிலில் வைத்தால் உப்பு மறுபடி பொரிந்து வரும், அதைச் சுரண்டி எடுத்து மறுபடி கரைக்கலாம்.

ஒரு மாதம் அம்மணி அந்தத் தொட்டியோடு கிடந்தாள். வேறு யாராக இருந்தாலும் அந்தச் சில்லிப்புக்குக் கையை உதறியிருப்பார்கள். அவள் முழங்கை வரை விட்டுக் கலக்கிக்கொண்டிருப்பாள். துரை குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இருவருக்கும் ஒரு பொது வார்த்தை கிடையாது. அப்படியும் அந்தத் தோட்டத்தில் நாள் முழுக்க ஒருவர் முன்னால் ஒருவர் இருந்தார்கள், இரண்டு பேரின் மனசும் வேறெங்கேயோ இருந்தது.

கார்த்திகை மழை ஓய்ந்ததும் நாற்றுகளைப் பாத்தியில் நட்டாள். ஏழு பிழைத்திருந்தன. இரண்டை நண்டு வெட்டிவிட்டது. ஏரிக்கரையில் அது வழக்கம்தான், வளை தோண்டி ராத்திரியோடு ராத்திரியாகத் தண்டைக் கத்தரித்துவிடும். மீதிக்குச் சுற்றிலும் உடைந்த பானை ஓட்டைப் புதைத்து வேலி வைத்தாள். அசுவினிப் பூச்சி வந்தபோது அடுப்புச் சாம்பலைத் தூவினாள். தை முடிவதற்குள் இன்னும் இரண்டு அழுகிப்போயின. மாசியில் மூன்று செடி இடுப்பளவு நின்றன. அதில் ஒன்றின் நடுவே மட்டும் தண்டு எழும்பி, உச்சியில் ஒரு முடிச்சு தெரிந்தது. மூடின தாமரை மொட்டுக்கு மீன் செதில் வைத்த மாதிரி இருந்தது. அடுக்கடுக்காக ஒன்றன்மேல் ஒன்று படிந்த பச்சைச் செதில்.

துரை அன்றைக்குக் குழந்தை மாதிரி சிரித்தார். ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினார், பக்கத்து வீட்டுத் துரையைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆனால் அவர் போதாத காலம், அடுத்த நாளே மசூலிப்பட்டணத்துக்குப் போய்வரச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு மாதமாவது ஆகும். கப்பல் ஏறப் போகும்போது தோட்டத்துக்கு வந்து மொட்டைத் தொட்டுப் பார்த்தார். நன்றாகப் பார்த்துக்கொள், யாரையும் தொட விடாதே என்றார். ஜெசிந்தா அதை அப்படியே தமிழில் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னார். அதை எந்தப் பதத்தில் அறுக்க வேண்டும், தாமதித்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. தன் தாய் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உலகத்துக்கே தெரியும் என்று நினைத்துவிட்டார்.

அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்தது வேறு. ஏரிக்கரைக் குடிசை ஒவ்வொன்றின் மேலும் ஒரு சுரைக்கொடி ஏறியிருக்கும். அதில் முதலில் பிடிக்கிற காய் தலைக்காய். அதை யாரும் அறுக்க மாட்டார்கள். சுண்ணாம்புப் பொட்டு வைத்து, காம்பில் ஒரு துணியைக் கட்டி, இது விதைக்கு என்று விட்டுவிடுவார்கள். அது முற்றிக் காய்ந்து கொடியிலேயே கலகலவென்று ஆடும். உள்ளே இருக்கும் விதை அடுத்த வருஷத்துக்கு, ஓடு தண்ணீரில் மிதக்கவிடும் குடுக்கைக்கு. நல்ல காய், முதல் காய், அதற்கு அதுதான் மரியாதை. அடுத்ததிலிருந்துதான் குழம்புக்கு.

அம்மணி தன் முந்தானையின் ஓரத்தைக் கிழித்தாள். மொட்டின் அடித்தண்டில் கட்டினாள். சுண்ணாம்பைக் குழைத்து செதில்களின் மேல் மூன்று பொட்டு வைத்தாள். ஜெசிந்தா வந்து பார்த்தாள். அவளும் பழவேற்காட்டிலேயே பிறந்தவள், கூனைப்பூவைச் சமைத்ததும் இல்லை, பார்த்ததும் இல்லை.

"விதைக்கா உட்டுட்ட? அதுவும் சரிதான். பக்கத்துல சின்னதா நாலு துளுக்குது பாரு, அது துரைக்கு ஆவும்" என்றாள்.

ஆகவில்லை. பங்குனி வெயில் ஏறியது. பக்கத்தில் துளிர்த்த மொட்டுகள் பாக்கு அளவில் நின்று, கருத்து, உதிர்ந்தன. செடியின் சத்தெல்லாம் தலை மொட்டுக்கே போனது. அது தேங்காய் அளவு பருத்தது. செதில்கள் விரிய ஆரம்பித்தன. ஒரு காலையில் உச்சி பிளந்து, உள்ளிருந்து ஊதா நிறத்தில் மெல்லிய நூல் நூலாக ஒரு பூ பொங்கியிருந்தது. தேனீக்கள் மொய்த்தன. அக்கம்பக்கத்து வேலைக்காரர்களெல்லாம் சுவரில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். அப்படி ஒரு ஊதாவை யாரும் ஒரு பூவில் பார்த்ததில்லை. யாரையும் தொட விடாமல் அம்மணி பக்கத்திலேயே குந்தியிருந்தாள். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தாயிற்று என்று இருந்தது அவளுக்கு. சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். பசிக்காத வயிறு மாதிரி ஒரு நிலைமை.

சித்திரை பிறந்து பத்தாம் நாள் துரை வந்து இறங்கினார். பத்தாவியா கப்பல் துறையில் நின்றது, மறுநாள் காலையில் புறப்பாடு. அவர் வீட்டுக்குள் போகாமல் நேரே தோட்டத்துக்கு வந்தார். பூவைப் பார்த்தார். கந்தல் துணியைப் பார்த்தார். சுண்ணாம்புப் பொட்டைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தார்.

பூத்துவிட்டால் அது வெறும் முள். மொட்டாக, செதில் இறுக்கமாக இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும். இதைத்தான் அவர் போர்த்துகீசில் கத்தினார். ஜெசிந்தா தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். ஏன் அறுக்கவில்லை, கேள் அவளை, ஏன் அறுக்கவில்லை என்றார்.

"ஏம்மே அறுக்கலன்னு கேக்கறாரு. அது மொட்டுலயே துன்றதாம். இப்ப ஒண்ணுத்துக்கும் ஆவாதாம். சொல்லு, இன்னா சொல்றது?"

அம்மணிக்கு அவர் கோபம் விளங்கவில்லை. சிறு குழந்தைக்குத் தெரிந்ததை இவ்வளவு பெரிய மனிதர் கேட்கிறாரே என்றுதான் பதில் சொன்னாள்.

"அது தலைக்காயி, யக்கா. தலைக்காய யாருனா வயித்துக்குன்னு அறுப்பாங்களா? எந்த ஊட்லயும் அறுக்க மாட்டாங்க. எம்மாம் பசியா இருந்தாலும் தலைச்சன..."

அதோடு நின்றுவிட்டது. ஜெசிந்தா துரையின் பக்கம் திரும்பி அதைப் போர்த்துகீசில் சொல்லிக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. அம்மணி வாயைத் திறந்தபடி நின்றாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருந்தது. நாலு வருஷமாக எதை மிதிக்காமல் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாளோ அதன்மேல் காலை வைத்துவிட்டாள். வலித்தது. எங்கே என்று சொல்லத் தெரியாமல் உடம்பு முழுக்க வலித்தது, பூவைத் தாங்கி நின்ற தண்டைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

துரை, பேச்சு பேச்சுதான் என்றார். மேஜைக்கு வந்தால் கடிதம் என்றேன், மேஜைக்கு வரவில்லை. ஜெசிந்தா விடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, யாரையும் தொட விடாதே என்று சொன்னது யார், அறுக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னீர்களா, உங்கள் ஊர்ச் சமாசாரம் அவளுக்குக் கனவில் வந்து தெரியுமா, ஒரு மாதம் அந்தச் சில்லுத் தண்ணீரில் கை விட்டுக் கிடந்தாளே அது எந்தப் பேச்சில் சேர்த்தி என்று பொரிந்து தள்ளினாள். பிறகு குரலை இறக்கி, இனிமேல் உங்களுக்கு நான் சமைப்பதா வேண்டாமா என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள் என்றாள்.

துரை கெட்ட மனிதர் இல்லை. வீட்டு ஏக்கத்தில் மற்றவர் துக்கம் கண்ணுக்குத் தெரியாமல் போனவர், அவ்வளவுதான். தரையில் கிடந்த தொப்பியை எடுத்து மண்ணைத் தட்டினார். நான் சொல்லியிருக்க வேண்டும் என்றார். உள்ளே போய்க் காகிதமும் மைக்கூடும் கொண்டுவந்து தோட்டத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

பெயர் கேட்டார். அங்காளி என்று அம்மணி சொன்னாள். அங்கே போனவுடன் பெயரை மாற்றிவிடுவார்கள், அதனால் அடையாளம் வேண்டும் என்றார். அம்மணி சொன்னாள். வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு, படகுக் கட்டையில் விழுந்தது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன, இப்போது முளைத்திருக்கும். சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது, நிறுத்த முடியவில்லை. தண்ணீருக்குப் பயப்பட மாட்டாள். நண்டுக்குப் பயப்படுவாள். தூக்கத்தில் விரல் சூப்புவாள். துரை எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

"அந்தப் பொண்ணுக்கு எதனா சேதி சொல்றியானு கேக்கறாரு. அங்க நம்ம பாஷ தெரிஞ்சவங்க நெறய பேரு கீறாங்களாம், படிச்சுச் சொல்லுவாங்களாம்" என்றாள் ஜெசிந்தா.

அம்மணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. பெரிதாகச் சத்தம் எதுவும் இல்லை, மூச்சு முட்டி முட்டி வந்தது. ஜெசிந்தா குனிந்து தோளைப் பிடித்தாள்.

"எழுதச் சொல்லு, யக்கா. அவங்க நைனா அவள அனுப்பலன்னு எழுதச் சொல்லு. நான்தான் கூட்டிகினு போனேன். அவரு காய்ச்சல்ல நெனவு தப்பிக் கெடந்தாரு. தரகன் கைல குடுக்கறப்ப அவ என் சீலய உடல. நைனா படகுல நிக்கிறாரு, ஒன்னக் கூப்புடறாரு, ஓடுன்னு சொன்னேன். சிரிச்சிகினே ஓடிச்சு."

ஜெசிந்தாவின் கை தோளிலேயே நின்றுவிட்டது. "ஊரே சடையனத்தான..." என்று ஆரம்பித்தாள்.

"அவரு எனக்கோசரம் ஏத்துக்கினாரு. சாவற வரைக்கும் ஒரு வார்த்த என்னக் கேக்கல."

என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார். ஜெசிந்தா அம்மணியின் பக்கமே திரும்பி, இதை எழுதத்தான் வேண்டுமா என்று தமிழில் கேட்டாள். அம்மணி முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல் நிமிர்ந்து துரையின் கையில் இருந்த இறகுப் பேனாவைப் பார்த்தாள்.

"எழுதணும். பேர மாத்தினா மாத்திகினு போறாங்க. அவ திரும்பி வராட்டியும் போறா. அவங்க நைனா அவளக் கூப்புடவே இல்லன்னு மட்டும் எழுதச் சொல்லு, யக்கா. பாவம், இம்மாம் நாளா அவரத் திட்டிகினு இருப்பா."